பி சைடு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டு ஹாலில் நானும் அம்மாவும் ஒரு குக்கர் விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் குக்கர் கிடையாது. விசில் வரவேண்டியது ஸ்பீக்கரிலிருந்து. அது 1988-ம் வருடத்து விசில்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் கம்ப்யூட்டர் வரும், கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீர்கள். நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

வீட்டில் நல்ல சத்தத்தில் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. நல்ல சத்தம் என்றால் பெரிய சத்தம் இல்லை. வயலின் வயலினாகக் கேட்க வேண்டும். மிருதங்கத்தில் தொப்பி வேறு, வலந்தலை வேறு என்று தெரிய வேண்டும். செல்போனில் கேட்டால் எல்லாம் ஒரே தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. அலமாரியில் நானூறு சிடி இருக்கிறது. போட்டுக் கேட்கலாம் என்றால் பிளேயரில் லென்ஸ் போய்விட்டது.

‘அதான் ஆப் இருக்கிறதே, மாசம் நூத்துச் சொச்சம் கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் வருமே’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. வரும். ஆனால் அது வாடகை வீடு. இன்றைக்கு இருக்கிற ஆல்பம் நாளைக்கு இருக்காது. போய்க் கேட்டால் ‘உரிமம் முடிந்துவிட்டது’ என்பார்கள். தவிர, என்னிடம் இருக்கும் சில கச்சேரி சிடிக்கள் எந்த ஆப்பிலும் கிடைக்கவில்லை. சொந்த வீடு கட்டுவது என்று முடிவு செய்தேன். அதற்குப் பெயர் மியூசிக் சர்வர்.

பெயர்தான் பெரிது. அது ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். வீட்டிலிருக்கும் பாட்டையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டு, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது அதன் ஒரே வேலை.

ஆனால் கம்ப்யூட்டருக்குள் விசிறி இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குத் தம்புரா மட்டும் ஒலிக்கிற இடத்தில் அதுவும் ‘உர்ர்’ என்று சுருதி சேர்ந்துகொள்ளும். எனவே ஓட்டலில் செய்கிற மாதிரி, சமையல் உள்ளே, பரிமாறுவது ஹாலில். திரை உடைந்து பரணில் கிடந்த லேப்டாப்பை இறக்கி, ஒரு டெராபைட் டிஸ்க் போட்டு, படுக்கையறை மூலையில் வைத்தேன். அது சமையலறை. ஹாலில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் ஒரு ராஸ்பெர்ரி பை. 2012-ல் இங்கிலாந்தின் கேம்ப்ரிட்ஜில், பள்ளிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகட்டும் என்று 35 டாலர் விலை வைத்து வெளியிட்ட குட்டிக் கம்ப்யூட்டர். ஏ.டி.எம். கார்டு அளவுதான் இருக்கும். என்னிடம் இருப்பதில் விசிறி கிடையாது, வாயே திறக்காது. அது பரிமாறுகிற பையன்.

அந்தப் பையன் கொண்டுவருவது வெறும் எண்கள். எண்ணைக் காது கேட்காது. அதை மின் அலையாக மாற்ற டாக் என்று ஒரு பெட்டி வேண்டும். டிஜிட்டலில் இருப்பதை அனலாக் ஆக்கிக் கொடுக்கிற மொழிபெயர்ப்பாளர். எட்டாயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கினேன். அதிலிருந்து ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து ஸ்பீக்கர், அதிலிருந்து காது. ரிமோட் வேலையை செல்போனே பார்த்துக்கொள்கிறது.

இதையெல்லாம் கட்டி மேய்க்கிற மென்பொருளுக்கு ஒரு கதை உண்டு. ஸ்லிம் டிவைசஸ் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி, ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற பெட்டிக்காக எழுதியது. 2006-ல் அந்தக் கம்பெனியை லாஜிடெக் வாங்கியது. 2012-ல் பெட்டி விற்பதை நிறுத்திவிட்டார்கள். வழக்கமாக இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். ஆனால் மென்பொருளின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருந்ததால், பெட்டி வைத்திருந்தவர்கள் விடவில்லை. சம்பளம் இல்லாமல் பழுது பார்த்துக்கொண்டே வந்தார்கள். 2024-ல் லிரியான் என்று பெயரை மாற்றி வைத்தார்கள். என் வீட்டில் ஓடுவது அதுதான். கம்பெனி கைவிட்டதை வைத்திருந்தவன் காப்பாற்றினான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

எல்லாவற்றையும் மாட்டி முதல் முறை ஸ்விட்சைப் போட்டேன். ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி இருந்ததே தவிரப் பாட்டு எடுபடவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆடியோ பைத்தியமான நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பவர் கேபிளை மாற்றச் சொன்னார். அவர் சொன்ன கேபிளின் விலை என் டாக்கின் விலையைவிட ஜாஸ்தி. இவராவது பரவாயில்லை. ஜப்பானில் ஒருவர் சுத்தமான கரன்ட் வேண்டும் என்று வீட்டுக்கென்று தனி மின்கம்பமே நட்டுக்கொண்டதாக 2016-ல் செய்தி வந்தது.

கடைசியில் குற்றவாளி டிவி. அதையும் அதே ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருந்தேன். கேபிள் டிவிக்காரர் ஒயர் வழியாக ஓர் எர்த், பிளக் பாயின்ட் வழியாக இன்னோர் எர்த். இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் கரன்ட்தான் ‘ம்ம்ம்ம்’. கேபிள் ஒயரைப் பிடுங்கினேன். கப்சிப். பிறகு டிவியிலிருந்து டாக்குக்கு வெளிச்சத்தில் வேலை செய்யும் ஆப்டிகல் ஒயர் போட்டேன். வெளிச்சத்தில் கரன்ட் ஏறாது. செலவு முந்நூறு ரூபாய்.

*

அடுத்த வேலை, நானூறு சிடியையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது.

சிடியில் விநாடிக்கு 44,100 தடவை இடது காதுக்கு ஓர் எண், வலது காதுக்கு ஓர் எண் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அதை முழுதாகப் பிடிக்க இரண்டு மடங்குக்கு மேல் எண்கள் வேண்டும் என்பது கணக்கு. (நாற்பதைத் தாண்டிய என் காது 20,000 வரை போகாது. அது தனி சோகம்.) ஒவ்வொரு எண்ணும் 16 பிட். பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட். ஒரு மணி நேரப் பாட்டுக்கு 635 எம்.பி.

சோனியும் ஃபிலிப்ஸும் 1982-ல் சிடியைக் கொண்டுவந்தபோது இது மலை மாதிரியான அளவு. அதைக் குறைப்பதற்குத்தான் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் சகாக்களும் எம்பி3-யை உருவாக்கினார்கள். யோசனை அழகானது. பெரிய சத்தம் கேட்கும்போது அதையொட்டிய சின்னச் சத்தம் காதில் விழாது. கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவது கேட்காதே, அப்படி. கேட்காததை எதற்குச் சேர்த்து வைப்பானேன்? தூக்கிப் போடு! பிராண்டன்பர்க் இதைச் சரிபார்க்கத் திரும்பத் திரும்ப ஓட்டியது சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பாட்டை. வாத்தியமே இல்லாமல் ஒரு பெண் குரல் மட்டும் வரும். வெறும் குரலில் தப்பை ஒளித்து வைக்க இடம் கிடையாது.

128 என்று போட்டிருக்கும் எம்பி3, சிடியில் இருந்ததில் பதினோரு பங்கில் ஒரு பங்குதான். மீதி பத்துப் பங்கு குப்பைக்கூடைக்குப் போய்விட்டது. போனது போனதுதான், திரும்பி வராது.

இன்னொரு வழியும் உண்டு. ஃப்ளாக். ஜோஷ் கோல்சன் என்பவர் எழுதி 2001-ல் முதல் பதிப்பு வந்தது. அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று முன்னாலேயே ஊகித்து, ஊகத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கும். கணக்குப் பிள்ளைகள் ஒரே பெயரைப் பத்துத் தடவை எழுதாமல் ‘மேற்படி’ என்று போடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். இடம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆனால் பிரித்துப் பார்த்தால் பைசா குறையாமல் அத்தனையும் இருக்கும்.

சிடியிலிருந்து எடுக்கும்போது கீறல் இருந்தால் டிரைவ் தப்பாகப் படிக்கும். அதற்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரே இடத்தை இரண்டு தடவை படித்து ஒப்பிடும். ஒத்து வராவிட்டால் மறுபடி மறுபடி படிக்கும். முடிந்ததும், இதே சிடியை உலகத்தில் வேறு யாராவது எடுத்திருந்தால், அவர்களுக்கு வந்த கூட்டுத்தொகையும் உன்னுடையதும் ஒன்றா என்று பார்த்துச் சொல்லும். என் தமிழ் சிடிக்கள் பலவற்றுக்கு ஜோடி கிடைக்கவில்லை. அப்போது நாமே இரண்டு தடவை எடுத்து, இரண்டு கூட்டுத்தொகையும் டாலி ஆகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கல்லூரியில் டிரயல் பேலன்ஸ் ஒருநாளும் எனக்கு முதல் தடவையில் டாலி ஆனதில்லை. இங்கே ஆனபோது ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத முடியாது.

எல்லாம் முடிய நாலு மாதம் ஆயிற்று. முடிந்ததும் மகளைக் கூப்பிட்டு, ஒரே பாட்டை 320 எம்பி3-யாகவும் ஃப்ளாக்காகவும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொன்னேன். பத்துக்கு ஐந்து சரி. பூவா தலையா போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

“இதுக்கா நாலு மாசம்?” என்றாள் மகள்.

நியாயமான கேள்வி. பதில் அன்றைக்குத் தெரியவில்லை. மறுநாள் தெரிந்தது.

*

மறுநாள் என் பழைய எம்பி3-க்களை சர்வரில் ஏற்றினேன். அதில் அப்பாவின் கேசட்டுகள் இருந்தன.

எண்பதுகளில் நாங்கள் திருச்சியில் இருந்தோம். வரிசையாகச் சுவர் ஒட்டிய வீடுகள். அப்பாவிடம் ஒரு ரேடியோவும், சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு டேப் ரிக்கார்டரும் இருந்தன. இரண்டையும் இணைக்கிற ஒயர் கிடையாது. ரேடியோவுக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து ரெக்கார்டு பட்டனை அமுக்குவார். அவ்வளவுதான் ஸ்டூடியோ. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. குழாய் திறக்கக் கூடாது. எனக்குத் தும்மல் வந்தால் வாசலுக்கு ஓட வேண்டும். இப்படி 42 கேசட்.

2006-ல் எனக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. 80 ஜி.பி. டிஸ்க். மகன் என்ற முறையில் ஒரு நல்ல காரியம் செய்யலாம் என்று கேசட்டுகளையெல்லாம் எம்பி3 ஆக்கினேன். மோனோதானே என்று 64-ல் வைத்தேன். ‘இஸ்ஸ்’ என்ற இரைச்சலை நீக்க ஒரு ஃபில்டர் இருந்தது, அதை இரண்டு தடவை ஓட்டினேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அப்பா இருமுவது, தேதி சொல்வது, அம்மா யாரையோ அதட்டுவது, காக்கா, எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். 41 கேசட்டும் சேர்ந்து இரண்டு ஜி.பி.கூட வரவில்லை. அப்படி ஒரு சிக்கனம்! (42-வது கேசட் அப்போது காணவில்லை. அதற்கு வருகிறேன்.)

அப்பாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

“ரொம்ப சுத்தமா இருக்குடா. யாருமே இல்லாத வீட்டுல ரெக்கார்டு பண்ணின மாதிரி இருக்கு.”

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரமே கேசட்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டேன். டப்பாவோடு சேர்த்து மூன்று கிலோ சொச்சம். இருபத்தைந்து ரூபாய் கொடுத்தார்.

அப்பா 2015-ல் போய்விட்டார்.

இப்போது நல்ல டாக், நல்ல ஸ்பீக்கர். அந்த எம்பி3-யைப் போட்டேன். கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. ‘ச’ வருகிற இடமெல்லாம் சலசலவென்று ஒரு மினுமினுப்பு. குரலின் ஓரங்களை யாரோ கத்திரிக்கோலால் நறுக்கிவிட்ட மாதிரி. நல்ல சிஸ்டம் நல்ல ரெக்கார்டிங்கை மட்டும் காட்டிக் கொடுக்காது. நம்மையும் காட்டிக் கொடுக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 41 கேசட்டையும் எதையும் வெட்டாமல், சுருக்காமல், சிடி தரத்தில் மோனோவாக வைத்திருந்தால் இருபது ஜி.பி.க்குள் முடிந்திருக்கும். 2006-லேயே என் டிஸ்க்கில் அதற்கு இடம் இருந்தது.

மகள் கேட்டதற்கும் பதில் கிடைத்துவிட்டது. இன்றைக்கு என் காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்பது கேள்வியே இல்லை. முழுசாக வைத்திருந்தால் நாளைக்கு அதிலிருந்து எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். வெட்டினதிலிருந்து எதுவும் செய்ய முடியாது.

*

இனி அந்த 42-வது கேசட்.

பக்கத்து வீட்டு மாமியின் மகள் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்காக மாமி ஒரு கேசட்டை இரவல் வாங்கிப் போனார். திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகள், ரேடியோ நேரடி ஒலிபரப்பு, 1988. திருப்பித் தரவில்லை. நாங்கள் சென்னைக்கு வந்துவிட்டோம். அப்பா நாலு தடவை கடிதத்தில் ஞாபகப்படுத்தினார். கடைசியில் 2009-ல் ஒரு கல்யாணத்தில் மாமி அம்மாவைப் பார்த்து, புடவைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் போட்டுக் கேட்க டேப் ரிக்கார்டர் இல்லை. அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு விதி சொல்வார்கள். முக்கியமான எதற்கும் மூன்று பிரதி வேண்டும், இரண்டு விதமான சாதனத்தில் இருக்க வேண்டும், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இந்த விதி எழுதப்படுவதற்கு முன்பே மாமி அதைக் கடைப்பிடித்திருக்கிறார். பொறுப்பான மகன் இருபத்தைந்து ரூபாய்க்கு விற்றான். இரவல் வாங்கித் திருப்பித் தராத மாமி காப்பாற்றினார்.

செகண்ட் ஹேண்டில் ஒரு கேசட் டெக் வாங்கினேன். சக்கரம் சுற்றவில்லை. ரிச்சி தெருவில் ஒரு பெரியவர் திறந்து பார்த்தார்.

“பெல்ட்டு உருகி தாரு மாதிரி ஆயிடுச்சு சார். வேற போட்டுத் தர்றேன்.”

போட்டார். ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பிறகு ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூவைக் காட்டினார்.

“கேசட்டு ஓடும்போது இத்த லேசா திருப்பிப் பாருங்க. ‘ச’, ‘ஸ’ எல்லாம் எப்போ பளிச்சுன்னு வருதோ அங்க விட்ருங்க. எந்த மிஷின்ல எடுத்தாங்களோ அந்த ஹெட்டு எந்தக் கோணத்துல இருந்துச்சோ, அதே கோணத்துக்கு இதுவும் வரணும். அப்பதான் மொத்தமும் கேக்கும்.”

வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டேன். ஆரம்பத்திலேயே அப்பா. ஆபீஸ் ஃபைலுக்குத் தலைப்பு எழுதுகிற குரலில், “ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் ஆராதனை, நேரடி ஒலிபரப்பு.” ஸ்க்ரூவைத் திருப்ப அந்த ‘ஸ்ரீ’தான் எனக்குக் கிடைத்த அளவுகோல். பின்னால் ஓட்டி, மறுபடி போட்டு, இருபது தடவையாவது அப்பா ‘ஸ்ரீ’ சொன்னார். ஓரிடத்தில் பளிச்சென்று வந்தது. விட்டுவிட்டேன்.

கேசட்டுக்கு சிடி தரமே தாராளம். இருந்தாலும் 24 பிட்டில் எடுத்தேன். லெவல் வைப்பதில் நான் தப்பு செய்தாலும் தாங்கும் என்பதற்காக. ஃபில்டர் எதையும் தொடவில்லை. முழுசாக ஃப்ளாக்கில் போட்டு, சர்வரில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று, கோயம்புத்தூரில் தங்கை வீட்டில் ஒன்று.

*

“இதுல குக்கர் விசில் வரும் பாரு,” என்றாள் அம்மா, சோபாவில் உட்கார்ந்ததும்.

“வேணும்னா அதை எடுத்துடலாம்மா.”

“எடுக்காதே. அது என் கேஸு.”

வழக்கு இதுதான். மூன்றாவது கீர்த்தனை, ஆரபி. அதன் நடுவில் ஒரு குக்கர் விசில் பதிவாகிவிட்டது. ஒலிபரப்பு ஆரம்பிக்கும் முன் குக்கரை இறக்கிவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அதன் பிறகு அந்தக் கேசட்டை எப்போது போட்டாலும், ஆரபி வந்ததும் அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். வந்தவர்களிடம், “எங்க வீட்டுல ஒரு சங்கதி எக்ஸ்ட்ராவா போட்டாங்க” என்பார். அம்மா ஒவ்வொரு தடவையும், “அது நம்ம குக்கர் இல்லை” என்பாள். யாரும் நம்பியதில்லை. நானும்தான்.

நாட்டை முடிந்தது. கௌளை முடிந்தது. ஆரபி. திருவையாற்றுப் பந்தலில் அத்தனை வித்வான்களும் ஒன்றாகப் பாடுகிறார்கள். அம்மா கையைத் தூக்கினாள். விசில். அம்மா ஒரு விரலை மடக்கினாள். கொஞ்சம் கழித்து இன்னொன்று. பழைய டேப் ரிக்கார்டரில் எங்களுக்குக் கேட்டது இந்த இரண்டுதான். ஆனால் அம்மா கையை இறக்கவில்லை. நான் உற்றுக் கேட்டேன். கூட்டுக் குரல் உச்சத்தில் இருக்கும் இடத்தில், அதன் முதுகுக்குப் பின்னால், மெலிசாக மூன்றாவது. பிறகு நான்காவது. அம்மா ஐந்தாவது விரலை மடக்கியபோது எனக்குக் கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா என்று தெரியாமல், பின்னால் ஓட்டிப் போட்டேன். இருந்தது.

பெரிய சத்தத்துக்குப் பக்கத்திலிருக்கும் சின்னச் சத்தம். காதில் விழாது, தூக்கிப் போடலாம் என்று எம்பி3 சொல்லும் ரகம்.

“அஞ்சு,” என்றாள் அம்மா. “நான் என்னிக்காவது பச்சரிசிக்கு அஞ்சு விசில் வெச்சிருக்கேனா? மூணுதான். மாமி வீட்டுலதான் அஞ்சு. அவங்க மாமனாருக்குப் பல்லு கிடையாது, குழைஞ்சாத்தான் சாப்பிடுவார்.”

முப்பது வருஷத்துக்கு மேல் ஆன வழக்கு, தீர்ப்பு வந்துவிட்டது. அந்தச் சாட்சியத்தைப் பத்திரமாக வைத்திருந்தது உண்மையான குற்றவாளி!

ஆரபி முடிந்தது. இங்கேதான் அப்பா கேசட்டைத் திருப்புவார். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறதோ, திருப்பினால் மறுபக்கமும் சரியாக அவ்வளவு நேரம் கிடைக்கும். மூன்று கீர்த்தனை ஏ சைடு, இரண்டு கீர்த்தனை பி சைடு என்பது அவர் கணக்கு. அந்தக் காலத்து டேப் ரிக்கார்டரில் ஒரு குணம் உண்டு. பெரிய சத்தம் நின்றுவிட்டால், சின்னச் சத்தத்தைத் தானாகவே தூக்கிக் காட்டும். எனவே பாட்டு நின்றதும் எங்கள் திருச்சி வீடு மெல்ல எழுந்து வந்தது. ஃபேன். காக்கா. தெருவில் ஒரு சைக்கிள் மணி. பிறகு, ரகசியக் குரலில்:

“குக்கரை இறக்கச் சொன்னேன்ல?”

“நம்முது இல்லீங்க.”

“ஷ்ஷ்.”

கட்டக்.

இந்த இடத்தைத்தான் நான் மற்ற 41 கேசட்டிலும் வெட்டினேன்.

பி சைடில் வராளி ஆரம்பித்தது. அம்மா பாட்டைக் கவனிக்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் இருக்கறப்பவே இந்தப் பெட்டியை வாங்கியிருக்கக் கூடாதா?” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு அட்டைப்பெட்டி இருக்கலாம். சர்வர், டாக் எல்லாம் மெதுவாக வாங்கிக்கொள்ளுங்கள், அவசரமில்லை. பெட்டியை மட்டும் இந்த வாரமே இறக்குங்கள். பெல்ட் மாற்றிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். எடுக்கும்போது எது பாட்டு, எது இரைச்சல் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். முழுசாக எடுங்கள். எடுத்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஸ்ரீராகமும் முடிந்து, ‘இஸ்ஸ்’ என்று வெறும் டேப் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா காலை மடக்கி, சோபாவில் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. சரி, அடுத்த கேசட்டைப் போடு.”